அறிக்கை எழுதும் அறம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை, சிறுகதை, திறனாய்வு எனத் தொடர்ந்துவரும் இக்கருத்தரங்கில், தொழில் ஆலோசகர் எழுதும் அறிக்கையைப் பற்றி ஒருவன் பேச எழுந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இவ்வவையில் அமர்ந்திருப்போரிற் பெரும்பாலோர் பகலில் வங்கியிலோ, பள்ளியிலோ, ஆலையிலோ, அரசு அலுவலகத்திலோ பணிபுரிந்து, இரவில் இலக்கியம் எழுதுகின்றவர்கள். நம் வாழ்நாளில் நாம் எழுதிய சொற்களையெல்லாம் ஒரு தராசில் இட்டால், கவிதைத் தட்டு மேலே நிற்கும். கடிதமும் குறிப்பும் அறிக்கையும் கிடக்கும் தட்டு தாழ்ந்துவிடும். அந்தப் பெரும்பகுதியை எழுத்தென்றே நாம் மதிப்பதில்லை. அதைப் பற்றி இலக்கிய வட்டங்கள் பேசுவதும் இல்லை. பிழைப்புக்காக எழுதுவதுதானே, எப்படியிருந்தால் என்ன என்று விட்டுவிடுகின்றோம். அவ்வாறு விடலாகாது என்பதைச் சொல்லவே இந்த மேடையை நான் பயன்படுத்திக்கொள்கின்றேன்.

என் தொழில் ஆலோசனை. ஒரு நிறுவனம் தன் இடர்ப்பாட்டைச் சொல்லி அழைக்கும். நேரிற் சென்று பார்த்து, கணக்கேடுகளைப் படித்து, மேலாளர் முதல் கடைநிலைத் தொழிலாளி வரை பலரோடும் பேசி, முடிவில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். தச்சர் நாற்காலியைக் கொடுத்துக் கூலி பெறுகின்றார். மருத்துவர் நோயைத் தீர்த்துக் கட்டணம் பெறுகின்றார். ஆலோசகர் கொடுப்பது எழுத்தை. அந்த எழுத்து விளங்காவிட்டால், அவர் ஒன்றும் கொடுக்கவில்லை என்றே பொருள்.

படிப்பவர் மூவர்

ஓர் அறிக்கைக்கு மூவகை மாந்தர் உண்டு. பணம் கொடுத்து அதை எழுதச் சொன்னவர் முதலாமவர். அதிற் கண்டபடி வேலை செய்ய வேண்டியவர் இரண்டாமவர். அதைப் படிக்கவே போகாதவர், ஆனால் அதன் விளைவைத் தாங்கப் போகின்றவர் மூன்றாமவர். ஆலை மூடப்படலாம் என்று அறிக்கை சொன்னால் வேலையிழப்பவர் இந்த மூன்றாமவரே. இயந்திரம் பழுதில்லை என்று அறிக்கை சொன்னால் அதனருகில் நின்று கையை இழப்பவரும் அவரே.

கவிதையைப் படிப்பவர் விரும்பிப் படிக்கின்றார். விளங்காத வரியில் நின்று சுவைக்கின்றார். மறுநாள் திரும்பி வருகின்றார். அறிக்கையைப் படிப்பவருக்கு அந்த ஓய்வு இல்லை. மேசையில் வேறு பத்துக் கோப்புகள் காத்திருக்கும். முதற்பக்கத்தைப் படிப்பார், இறுதிப் பக்கத்தைப் புரட்டுவார், கையொப்பமிடுவார். அந்தக் கையொப்பத்தால் மூன்றாமவரின் வாழ்க்கை மாறிவிடும். ஆகவேதான் அறிக்கையின் தெளிவை நடையழகோடு மட்டும் சேர்த்து எண்ணாமல், அறத்தோடு சேர்த்து எண்ண வேண்டும் என்கின்றேன்.

கடைசி வரியில் இருந்த உண்மை

இது மிகைக்கூற்று என்று எண்ணுவோருக்காக உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கின்றேன். 2003ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டது. அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் அதிற் சென்றனர். ஏவப்பட்ட ஏறத்தாழ 82ஆம் நொடியில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத் துண்டு ஒன்று ஓடத்தின் இடச்சிறகில் மோதியது. மோதியது படப்பதிவில் தெரிந்தது. எவ்வளவு சேதம் நேர்ந்தது என்பதுதான் கேள்வி.

ஓடம் விண்ணிற் சுற்றிக்கொண்டிருந்தபோதே, ஒப்பந்த நிறுவனப் பொறியாளர்கள் அதை மதிப்பிட்டு நாசா மேலாளர்களிடம் தம் முடிவை வைத்தனர். கட்டுரை வடிவிலன்றி, திரையிற் காட்டும் ஸ்லைடுகளாக வைத்தனர். அவற்றுள் ஒரு ஸ்லைடு பின்னர் உலகெங்கும் பேசப்பட்டது. அதன் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்க்கும்போது மதிப்பீடு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கின்றது என்ற எண்ணத்தைத் தந்தது. அதன்கீழ் சிறிதும் பெரிதுமான புள்ளிகளின் பின்னே துண்டு துண்டான சொற்றொடர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், சிறிய எழுத்தில், இறுதி வரியாக ஓர் உண்மை கிடந்தது. சோதனையிற் பயன்பட்ட நுரைத் துண்டின் கன அளவு 3 கன அங்குலம். ஓடத்தைத் தாக்கியதாகக் கருதப்பட்ட துண்டின் கன அளவு 1920 கன அங்குலம். அஃதாவது 640 மடங்கு. அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவுமே சொல்ல இயலாது என்பதுதான் அந்த வரியின் பொருள். தலைப்பாக வரவேண்டிய செய்தி அடிக்குறிப்பைப் போல ஒடுங்கிப்போயிற்று.

தரவுகளைக் காட்சிப்படுத்துதல் பற்றி ஆராய்ந்தவரான எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். 'குறிப்பிடத்தக்க' என்று நாம் மொழிபெயர்க்கக்கூடிய ஒரே ஆங்கிலச் சொல் அதில் ஐந்து இடங்களில் வருகின்றது. ஓரிடத்தில் அது காப்போட்டைத் துளைக்கும் அளவைக் குறிக்கின்றது. மற்றோரிடத்தில் 640 மடங்கு வேறுபாட்டைக் குறிக்கின்றது. எத்தனை என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவுவதற்கு அந்த ஒரு சொல் எத்தனை வசதியாயிருக்கின்றது, பாருங்கள்!

பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது சிதைந்தது. எழுவரும் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை டஃப்டியின் பகுப்பாய்வை எடுத்துக்காட்டியது. ஒரு மூத்த மேலாளர் அந்த ஸ்லைடைப் படித்தும், உயிருக்கு ஆபத்தான நிலையைப் பற்றியது அது என்று உணராமற் போவது எளிதே என்று அக்குழு சுட்டியது. தொழில்நுட்பக் கட்டுரைகளுக்கு மாறாக ஸ்லைடுகளையே எங்கும் பயன்படுத்தும் வழக்கத்தையும் அது குறைகூறியது. விபத்துக்கு அந்த ஒரு தாளே காரணம் என்று நான் சொல்லவில்லை, குழுவும் சொல்லவில்லை. நிறுவனத்தின் பழக்கவழக்கங்களும் மனப்போக்கும் பெருங்காரணங்கள் என்றே அது கண்டது. ஆனால் பொறியாளருக்கும் மேலாளருக்கும் இடையே உண்மை நடந்து சென்ற பாலம் எழுத்துதான். அந்தப் பாலத்தில் உண்மை இடறி விழுந்தது.

எழுவாய் எங்கே?

நம் ஊர்ப்பக்கம் வருவோம். ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். பிற்பகலில் நூல் உற்பத்தி குறைகின்றது. காரணம் கண்டு சொல்லுங்கள் என்று ஆலோசகரை அழைக்கின்றார்கள். அவர் இவ்வாறு எழுதுகின்றார் என்றும் வைத்துக்கொள்வோம்:

'ஆலையின் உற்பத்தித் திறன் தொடர்பான பல்வேறு காரணிகள் விரிவான முறையில் ஆராயப்பட்டன. சூழல் சார்ந்த சில நிலைமைகள் இழை அறுதலின் மீது கணிசமான தாக்கத்தை ஏற்படுத்தக்கூடும் எனக் கருதப்படுகின்றது. பணியாளர் திறன் மேம்பாடு உள்ளிட்ட உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படுவது விரும்பத்தக்கதாகும்.'

இலக்கணப் பிழை ஒன்றும் இதில் இல்லை. கேட்பதற்குக் கண்ணியமாகவும் இருக்கின்றது. ஆனால் யார் ஆராய்ந்தார், எந்தச் சூழல், எவ்வளவு தாக்கம், யார் கருதுகின்றார், என்ன நடவடிக்கை, யார் செய்ய வேண்டும், எப்போது? ஏழு கேள்விகள். ஒன்றுக்கும் விடையில்லை.

இதையே வேறு விதமாக எழுதலாம்:

'பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நூற்புக் கூடத்தில் ஈரப்பதம் மிகவும் குறைந்துவிடுகின்றது. காற்று வறண்டால் பருத்தி இழை எளிதில் அறும். அந்த மூன்று மணி நேரத்தில் இழை அறுதல் காலை நேரத்தைப்போல் இரு மடங்காயிருப்பதைப் பத்து நாட்கள் எண்ணிப் பார்த்தோம். ஈரப்பதம் ஊட்டும் கருவியின் நீர்த் தெளிப்பான்களிற் பாதி அடைத்துக்கிடக்கின்றன. பராமரிப்புப் பிரிவு அவற்றை இந்த வாரத்துக்குள் துப்புரவு செய்ய வேண்டும். அதன் பின்னும் அறுதல் குறையாவிட்டால் பஞ்சுக் கலவையை ஆராய வேண்டும்.'

இரண்டாவது எழுத்தில் அலங்காரம் இல்லை. ஆனால் அதைப் படித்த மேலாளர் எழுந்து சென்று தெளிப்பானைப் பார்ப்பார். முதலாவதைப் படித்தவர் என்ன செய்வார்? 'பணியாளர் திறன் மேம்பாடு' என்ற ஒரு சொற்றொடர் மட்டும் அவர் கண்ணிற் படும். பிற்பகல் வேலையில் இழை இணைக்கும் பெண்கள் கவனக்குறைவாய் இருக்கின்றார்கள் என்று முடிவு கட்டுவார். அடைத்துக்கிடந்த தெளிப்பானுக்காக அவர்கள் ஏச்சு வாங்குவார்கள். வேலையும் போகலாம். நான் முன்னே சொன்ன மூன்றாமவர் அவர்களே. மங்கலான எழுத்து யாரையும் குறைகூறாத எழுத்துப்போலத் தோன்றும். உண்மையில் அந்தக் குறை மிக எளியவர் தலையிற் போய் விழும்படி வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

தமிழ் வினைமுற்றின் சிறப்பை இங்கு நினைவுகூர்தல் தகும். 'செய்தேன்', 'செய்தார்', 'செய்தார்கள்' என்று நம் வினை தன் ஈற்றிலேயே செய்தவரைச் சுமந்து நிற்கின்றது. செய்தவரை மறைக்க வேண்டுமானால் நாம் வலிந்துதான் மறைக்க வேண்டும். 'படு' என்ற துணைவினை அதற்குக் கை கொடுக்கின்றது. கருதப்படுகின்றது, அறியப்படுகின்றது, எதிர்பார்க்கப்படுகின்றது! செயப்பாட்டு வினை முற்றாகத் தள்ளத்தக்கது என்பதன்று என் கருத்து. செய்தவர் யாரென்பது முதன்மையாகாத இடத்தில் அது வரலாம். செய்தவரைக் காக்க அது வருமானால், அந்த வாக்கியத்தை மீண்டும் எழுத வேண்டும்.

முடிவை முதலில் வைத்தல்

அறிக்கைகள் மங்குவதற்கு மற்றுமொரு காரணம் வரிசை. ஆலோசகர் தாம் வேலை செய்த வரிசையிலேயே எழுதுகின்றார். எந்நாளில் வந்தோம், யாரைச் சந்தித்தோம், எந்தக் கணக்கைப் பார்த்தோம், என்ன கண்டோம், ஆகவே என்ன செய்யலாம் என்று போகும். உழைத்தவருக்கு இது இயல்பான வரிசை. படிப்பவருக்கோ, வேண்டியது முப்பதாம் பக்கத்தில் கிடைக்கும்.

ஆலோசனைத் துறையில் இதைத் திருத்த முயன்றவருள் பார்பரா மின்டோ என்ற அம்மையார் குறிப்பிடத்தக்கவர். 1963இல் மெக்கின்சி நிறுவனத்திற் சேர்ந்தார். அங்குள்ள ஆலோசகர்களின் எழுத்தைச் சீர்படுத்தும் பணிக்காக 1966இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். வாக்கியங்களைத் திருத்துவதால் மட்டும் பயனில்லை, எண்ணங்களின் அடுக்கைத் திருத்த வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. விடையை உச்சியில் வையுங்கள். அதைத் தாங்கும் காரணங்களை அதன்கீழ் வையுங்கள். காரணங்களைத் தாங்கும் சான்றுகளை அவற்றின்கீழ் வையுங்கள் என்றார். கூர்ங்கோபுரம் போன்ற இவ்வமைப்பை விளக்கும் அவரது நூல் ஆலோசகரிடையே பாடநூல் போல் வழங்குகின்றது. இம்முறையில் ஒரு கடுமையான சோதனை உள்ளது. உச்சியில் வைக்க ஒரு வாக்கியம் கிடைக்காவிட்டால், நமக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை என்று தெரிந்துவிடும். பக்கங்களைப் பெருக்கி அதை மறைக்க முடியாது.

சுருக்கம் பற்றியும் ஒரு சொல். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், பிரித்தானிய வான்வெளியிற் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பிரதமர் சர்ச்சில் தம் அலுவலர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். குண்டுகளைப் பற்றியதன்று, அறிக்கைகளின் நீளத்தைப் பற்றியது! முதன்மைச் செய்திகளைச் சிறு சிறு பத்திகளாகத் தாருங்கள். விரிவான புள்ளிவிவரங்களைப் பின்னிணைப்பில் வையுங்கள். பொருளற்ற அலுவலகச் சொற்றொடர்களை விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். ஒரு நாடு உயிருக்குப் போராடும்போது அதன் தலைவருக்கு இதை எழுத நேரமிருந்தது என்பதைவிட, இதை எழுத வேண்டிய தேவையிருந்தது என்பதே சிந்திக்கத்தக்கது. போருக்குப் பின் அந்நாட்டு நிதித்துறையின் வேண்டுகோளை ஏற்று எர்னஸ்ட் கவர்ஸ் என்பவர் 1948இல் அலுவலர்க்கென எளிய சொற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

யாருக்கு எழுதுகின்றோம் என்பதில் வாரன் பஃபெட் ஒரு வழி சொல்கின்றார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1998இல் எளிய ஆங்கிலத்துக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதன் முன்னுரையில், ஆண்டறிக்கை எழுதும்போது தம் சகோதரியர் இருவரையும் மனத்திற்கொண்டு எழுதுவதாக அவர் குறிப்பிடுகின்றார். அவர்கள் அறிவுடையோர், ஆனால் கணக்கியலிலோ நிதியியலிலோ வல்லுநர் அல்லர். இவ்வழியின் நுட்பத்தை நோக்குங்கள். நம் சகோதரியிடம் பேசும்போது அவரை அறிவிலியாக எண்ணிக் குழந்தைமொழி பேச மாட்டோம். நம் பெருமையைக் காட்ட வேண்டிய தேவையும் அங்கு இல்லை.

நன்னூல் காட்டும் வழி

இவையெல்லாம் மேனாட்டார் கண்டவை என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் வகுத்துரைக்கின்றது. நூல் என்று அங்குக் குறிப்பது பொருளை அறிவிக்கும் எழுத்தை. ஆகையால் அவ்விதிகள் அறிக்கைக்கும் பொருந்துகின்றன.

'மற்றொன்று விரித்தல்' என்ற குற்றத்தை எத்தனை அறிக்கைகளிற் காண்கின்றோம்! கிடங்கில் திருட்டு ஏன் நடக்கின்றது என்று கேட்டால், உலகப் பொருளாதாரம் பற்றி ஐந்து பக்கம் வரும். 'சென்று தேய்ந்து இறுதல்' என்பது மற்றொன்று. முதற் பத்துப் பக்கம் முழங்கிவிட்டு, பரிந்துரை என்ற இடத்துக்கு வந்ததும் குரல் மெலிந்து, 'மேலும் ஓர் ஆய்வு தேவை' என்று முடிவது அது. 'மயங்க வைத்தல்' பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. 'குன்றக் கூறல்' என்பதையும் குற்றமாகவே நன்னூல் வைத்திருப்பது கருதத்தக்கது. சுருக்கம் வேண்டும் என்பதற்காக, முடிவெடுக்கத் தேவையான செய்தியை வெட்டிவிடுவதும் பிழைதான். கொலம்பியா ஸ்லைடு நீளமானதன்று. அது குன்றக் கூறியது.

இவற்றினும் எனக்குப் பயன்பட்டது பாயிரத்துக்கு அந்நூல் கூறும் இலக்கணம். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டியவற்றுள் நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய மூன்றும் அடங்கும். எதைப் பற்றியது, யாருக்கானது, அவருக்கு இதனால் ஆவது என்ன? எந்த அறிக்கையின் முதற்பக்கத்தையும் இம்மூன்று கேள்விகளைக் கொண்டு சோதித்துவிடலாம். இம்மூன்றுக்கும் முதற்பக்கத்தில் விடையில்லாத அறிக்கையை நான் அச்சுக்கு அனுப்புவதில்லை.

கவிஞர் தரக்கூடியதும் விடவேண்டியதும்

அறிக்கைக்குக் கவிஞர் தரக்கூடியவை பல. சொல்லை எடைபோடும் பழக்கம் அவரிடம் உண்டு. ஒரு சொல்லை நீக்கிப் பார்த்து, பொருள் கெடாவிட்டால் அது வேண்டாததே என்று அறிவார். எழுதியதை வாய்விட்டுப் படிக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. மூச்சு முட்டும் வாக்கியத்தை நாக்கு கண்டுபிடித்துவிடும். 'வளம்' என்பதைவிட 'கிணறு' என்பது கண்ணில் நிற்கும் என்றும் அவருக்குத் தெரியும். இப்பயிற்சிகள் அனைத்தும் அறிக்கைக்கு உரம்.

ஆனால் வாயிலில் விட்டுவிட்டு வரவேண்டியதும் ஒன்று உண்டு. உள்ளுறையும் இறைச்சியும் நம் அகப்பாடலின் உயிர். சொல்லாமற் சொல்லுதல் அங்கே பேரழகு. தலைவியின் துயரைக் கருப்பொருளின் வாயிலாக உணர்த்தும் கவிஞர், படிப்பவரின் நுண்ணுணர்வை நம்புகின்றார். அறிக்கையிலோ சொல்லாமல் விட்டது சொல்லப்படாததே. 'சோதனைத் துண்டின் அளவு வேறு' என்று குறிப்பாற் சொன்னால் மேலாளர் உய்த்துணர்ந்துகொள்வார் என்று நம்பியிருத்தல் ஆகாது. 'ஆகவே இச்சோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டா' என்று அடுத்த வாக்கியத்தை நாமே எழுதியாக வேண்டும். கவிஞர் நிறுத்தும் இடத்துக்கு அடுத்த வரியில் அறிக்கையின் கடமை தொடங்குகின்றது.

தெளிவு என்பதை உறுதி என்று மயங்கவும் கூடாது. நமக்குத் தெரியாதவை இருக்கும். அவற்றையும் தெளிவாகவே சொல்லலாம். 'ஆண்டுக்கு 4 முதல் 6 இலட்சம் ரூபாய் வரை மிச்சமாகலாம். கோடைக்காலக் கணக்கை மட்டுமே பார்த்தோம். மழைக்காலத்தில் இம்மிச்சம் குறையக்கூடும்' என்று எழுதினால், படிப்பவர் எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்று அறிந்துகொள்வார். 'கணிசமான சேமிப்பு ஏற்படக்கூடும்' என்ற வாக்கியம் தெரிந்ததையும் மறைக்கின்றது, தெரியாததையும் மறைக்கின்றது.

எந்த மொழியில்?

தமிழ் வட்டத்திற் பேசும்போது இதைத் தவிர்த்தல் இயலாது. நம் ஊர்களில் ஆலோசகர் எழுதும் அறிக்கைகளிற் பல ஆங்கிலத்தில் அமைகின்றன. வங்கிக்கும் தணிக்கையாளருக்கும் அது தேவைப்படலாம். ஆனால் அறிக்கையை நிறைவேற்றப் போகும் மேற்பார்வையாளர், பராமரிப்புத் தொழிலாளி, கிடங்குப் பொறுப்பாளர் ஆகியோர் தமிழிலேயே சிந்திக்கின்றனர்; தமிழிலேயே சண்டையிடுகின்றனர். ஆகவே என் ஒவ்வோர் அறிக்கையோடும் தமிழில் ஒரு பக்கம் சேர்க்கின்றேன். என்ன கண்டோம், யார் என்ன செய்ய வேண்டும், எந்நாளுக்குள் என்பவை மட்டும் அதில் இருக்கும்.

அப்பக்கத்தை எழுதும்போது நான் கண்ட பயன் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போகும் பல சொற்றொடர்கள் தமிழுக்கு வர மறுக்கின்றன. அவற்றைத் தமிழாக்க முயலும்போதுதான் அவற்றுள் ஒன்றுமில்லை என்று தெரிகின்றது. உடனே ஆங்கில மூலத்திலும் அவ்வரியை அடித்துவிடுகின்றேன். கலைச்சொற்களிலும் பிடிவாதம் கொள்வதில்லை. தொழிற்கூடத்தில் எல்லாரும் 'பேரிங்' என்று சொல்வதை நான் 'தாங்கி' என்று எழுதி, படிப்பவர் அதென்ன என்று தயங்கி நின்றால், அங்கே என் தமிழ்ப்பற்று வென்றது, அறிக்கை தோற்றது. வாக்கியம் தமிழாக இருக்கட்டும். பொருளின் பெயர் அங்குள்ளோர் வாயிற் புழங்குவதாக இருக்கட்டும்.

தெளிவும் தோற்பதுண்டு

இவ்வளவும் கேட்ட பின் உங்களுள் ஒருவர் எழுந்து, தெளிவாக எழுதிவிட்டால் மட்டும் கேட்டுவிடுவார்களா என்று வினவலாம். நேர்மையான வினா. அதற்கும் ஒரு நிகழ்ச்சியே விடை.

கொலம்பியாவுக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னர், 1986 சனவரி 28ஆம் நாள், சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73ஆம் நொடியில் சிதைந்து எழுவர் மாண்டனர். உந்துகலத்தின் பூட்டுவாய்களை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் தன் நெகிழ்ச்சியை இழந்ததே அதற்குக் காரணமாயிற்று. உந்துகலத்தைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ராஜர் பாய்ஜாலி, அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே, 1985 சூலை 31ஆம் நாள், தம் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். வளையச் சிக்கலை உடனே தீர்க்காவிட்டால் பெருங்கேடும் உயிரிழப்பும் நேரும் என்று அதில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மங்கலான ஒரு சொல்லும் அதில் இல்லை. ஏவுவதற்கு முந்திய இரவும் பொறியாளர்கள் தடுத்துப் பார்த்தனர். மேலாண்மை ஏற்கவில்லை.

அப்படியானால் அந்தத் தெளிவு வீணா? நான் அவ்வாறு எண்ணவில்லை. விசாரணை ஆணையம் கூடியபோது அந்தக் குறிப்பு மேசைமீது வைக்கப்பட்டது. யாருக்கு, எப்போது, எது தெரிந்திருந்தது என்பதை அதன்பின் எவராலும் மறைக்க இயலவில்லை. எங்களுக்குத் தெரியாது என்று சொல்லும் வழி அடைபட்டது. பிழை எங்கே நேர்ந்தது என்று காட்டியதால், திருத்துவதற்கும் ஓர் இடம் கிடைத்தது. தெளிவான அறிக்கையால் மனிதரை நல்லவராக்க முடியாது. ஆனால் அறியாமை என்ற போர்வையை அது பறித்துவிடும். மங்கலான அறிக்கையோ அந்தப் போர்வையை நெய்து கொடுக்கின்றது. கூலி வாங்கிக்கொண்டு நெய்து கொடுக்கின்றது என்பதே ஆலோசகராகிய எங்களை உறுத்த வேண்டிய செய்தி.

ஆலோசகருக்கு இதில் இடர் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் மகன் பார்க்கும் கொள்முதல் பிரிவில்தான் பணம் கசிகின்றது என்று முதலாளிக்குத் தெளிவாக எழுதினால், அடுத்த வேலை கிடைக்காமற் போகலாம். 'கொள்முதல் நடைமுறைகளில் மேம்பாட்டுக்கு வாய்ப்புள்ளது' என்று எழுதினால் வேலை தொடரும், கசிவும் தொடரும். சொல்லும் முறையில் பணிவு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். நேரிற் சென்று தனியே சொல்லிவிட்டு, பின்னர் எழுத்தில் வைக்கலாம். ஆளைத் தூற்றாமல் கணக்கை மட்டும் காட்டலாம். ஆனால் கணக்கை விட்டுவிட்டுப் பணிவை மட்டும் எழுதித் தருவதற்கு ஆலோசனை என்று பெயரில்லை.

ஆகவே நண்பர்களே, நாளை காலை அலுவலகம் சென்று ஏதேனும் ஒரு குறிப்பு எழுதும்போது மூன்று செயல்களைச் செய்து பாருங்கள். முதல் வாக்கியத்திலேயே உங்கள் முடிவைச் சொல்லுங்கள். ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் யாரென்று தேடுங்கள். 'கணிசமான', 'உரிய', 'பல்வேறு' என்ற சொற்கள் வருமிடத்தில் ஓர் எண்ணையோ ஒரு பெயரையோ வைக்க முடியுமா என்று பாருங்கள். வைக்க முடியவில்லையென்றால், எழுதுவதை நிறுத்திவிட்டு மீண்டும் ஆலைக்குள் சென்று பார்த்து வாருங்கள்.

பத்தாண்டுகளாகச் சொல்லின் மதிப்பைப் போற்றிவரும் இவ்வட்டம், கவிதைச் சொல்லோடு பிழைப்புச் சொல்லையும் தன் கவனத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று விழைகின்றேன். மாதக் கூட்டமொன்றில் உறுப்பினர் எழுதிய அலுவலகக் கடிதங்களையும் அறிக்கைகளையும் பெயர் நீக்கி வாசித்து, கவிதையைத் திருத்துவதுபோல் திருத்திப் பார்க்கலாம். அந்தத் திருத்தத்தால் பயன்பெறுவோர் இக்கூட்டத்துக்கு ஒருபோதும் வராதவர்களாயிருப்பர். அவர்களுக்காக எழுதுவதும் இலக்கியத்தின் பணியே.